பெட்டிக்குள் ஒரு விமானம்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்தை அடுத்து வரும் சிறிய நிலையம் குடுபல்லி. ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி நிற்கும் மூலை அது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் பயில்வது தெலுங்கு. பிழைப்பை நாடி வண்டியேறிச் சென்றால் காதில் விழுவது கன்னடம். மாலை வண்டியில் வீடு திரும்பும் தந்தையர் கையில் சில வேளை ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். பெட்டியின்மேல் சீறிப் பாயும் போர்விமானத்தின் வண்ணப்படம். உள்ளே மெல்லிய மரத் தகடுகள், ஒரு வரைபடம், ஒட்டுவதற்கு மெல்லிய தாள், ஒரு ரப்பர் நாடா. மாதிரி விமானம் கட்டுவதற்குரிய 'கிட்' அது.

அதன் பிறகு நடப்பதை நம்மில் பலரும் அறிவோம். முதல் நாள் வீடே கூடி அமர்ந்து வரைபடத்தை விரித்துப் பார்க்கிறது. மூன்றாம் நாள் பசை மரத்தில் பாதியும் விரலில் பாதியுமாக ஒட்டியிருக்கிறது. பத்தாம் நாள் ஒருவாறு முடிந்த விமானம் மொட்டைமாடியிலிருந்து வீசப்படுகிறது, மூக்குக் குத்தி விழுகிறது, இறக்கை முறிகிறது. பெட்டி பரணுக்குப் போகிறது. "எனக்குக் கை வராது" என்று பையன் முடிவு கட்டிவிடுகிறான். எங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய பெட்டி ஒன்று நெடுங்காலம் கிடந்தது; ஆகையால் இதனை நாம் பிறர் கதையாகச் சொல்லவில்லை.

குற்றம் யாருடையது? பையனுடையதா, பெட்டியினுடையதா, வாங்கிக் கொடுத்த நம்முடையதா? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்தப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மாதிரி விமானச் சந்தையில் இரு வகையார் பொருள் வாங்குகின்றனர். ஒருவர் பொழுதுபோக்குக்காகக் கட்டுபவர்; மற்றவர் போட்டியில் வெல்வதற்காகக் கட்டுபவர். வாசலில் நாள்தோறும் இடும் கோலத்துக்கும் மார்கழிப் போட்டியில் இடும் கோலத்துக்கும் உள்ள வேறுபாடே இவ்விருவர்க்கும் உள்ள வேறுபாடு. மாவும் கையும் ஒன்றே, நோக்கம் வேறு. நோக்கம் வேறானால் வாங்க வேண்டிய பொருளும் வேறாகும். இந்த உண்மை தெரியாமல் செலவிடும் பணமே பரணில் உறங்குகிறது.

மாதிரி விமானத்தை வெறும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. மனிதன் ஏறிப் பறந்த விமானத்தைவிட இது வயதில் மூத்தது. 1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரின் துயிலேரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பரால் விசிறி சுழலும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். பதினொரு நொடிகளில் அது ஏறத்தாழ நாற்பது மீட்டர் தொலைவு சென்றது. இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைத்து, பின்னால் ஒரு வாலும் அமைத்தால், செலுத்துபவர் இல்லாமலே விமானம் நிலைபெறும் என்பதை அவர் அன்று மெய்ப்பித்தார். அவர் வகுத்த முறையில் அமைந்த, ரப்பரால் மேலெழும் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு சிறுவர்களுக்கு வாங்கி வந்தார். அச்சிறுவர்களே வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும். பொம்மை உடைந்தது, ஆனால் அவர்கள் அதைப் பரணில் போடவில்லை. அதேபோல் வேறொன்றைத் தாமே செய்து பார்த்தனர். மற்றதை உலகம் அறியும்.

இக்கலை கடைச்சரக்காக மாறியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வேக்ஃபீல்டு என்னும் ஊரில் 1926இல் பால் கில்லோ என்பவர் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. மறு ஆண்டு, 1927இல், லிண்ட்பர்க் தனியொருவராக அட்லாண்டிக் மாகடலைக் கடந்து பறந்தார். அமெரிக்கச் சிறுவர் உலகம் முழுவதும் விமானப் பித்துக் கொண்டது. பத்துக் காசு விலையில், அதாவது பத்து அமெரிக்க சென்டில், முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சிறு கிட்டுகள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல், எதிரியின் விமானத்தையும் தம் விமானத்தையும் வேறுபடுத்திக் காணப் பயிற்சி அளிப்பதற்காக, ஐந்து இலட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களையே கேட்டுக்கொண்டது. பொழுதுபோக்கு ஒன்று நாட்டுக்குக் கைகொடுத்த வரலாறு இது.

இத்தனைக்கும் அடிப்படையாக நின்ற பொருள் பால்சா என்னும் மரம். தென்னமெரிக்காவின் எக்வடோர் நாட்டிலிருந்து பெரும்பாலும் வருவது. நம் தஞ்சைக் கைவினைஞர் கோவில்களும் தேர்களும் செதுக்குகின்ற நெட்டியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். நெட்டி கனமற்றது, எனினும் வளைத்தால் ஒடிந்துவிடும். மூங்கில் உறுதியானது, எனினும் கனமானது. பால்சா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒரு கன மீட்டர் பால்சா ஏறத்தாழ 160 கிலோகிராம் எடை கொண்டது. தேக்கோ அதைப்போல் நான்கு மடங்கு இருக்கும். சவரத் தகட்டால் அறுக்கலாம், பசையால் ஒட்டலாம். ஆனால் பால்சாவிலும் தரம் உண்டு. ஒரே மரத்தின் இரு பலகைகளில் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு கனம் இருப்பதுண்டு. இந்த இடத்தில்தான் பொழுதுபோக்காளரும் போட்டியாளரும் பிரியத் தொடங்குகின்றனர்.

பொழுதுபோக்காளருக்குப் பலகையின் எடை ஒரு பொருட்டன்று. பெட்டியில் எது வந்ததோ அதனைக் கொண்டு கட்டுகிறார். பத்து நொடி பறந்தாலும் அவருக்கு மகிழ்ச்சி. பறக்காவிட்டால் அலமாரியில் அழகாக நிற்கட்டும் என்று விட்டுவிடுவாரும் உண்டு. போட்டியாளரோ கடைக்குள் தராசோடு நுழைபவர். நூறு பலகைகளை நிறுத்துப் பார்த்து நான்கைப் பொறுக்குவார். இறக்கையின் நுனிக்கு இலேசானது, நடுத்தண்டுக்கு உறுதியானது எனத் தனித்தனியே தேர்வார்.

போட்டியாளரின் உலகம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வேக்ஃபீல்டு கோப்பை என்பது ரப்பர் விமானப் போட்டிகளில் மிகப் பழைய புகழுடையது. வேக்ஃபீல்டு பிரபு 1911இல் ஒரு கோப்பையும், பின்னர் 1928இல் இன்று வழங்கிவரும் கோப்பையும் அளித்தார். முன்பு கூறிய அமெரிக்க ஊருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, பெயர் ஒற்றுமையே. இப்போட்டியில் 1950களின் நடுவில் ஒரு விமானம் 80 கிராம் ரப்பர் வரை சுமக்கலாம் என்று விதித்தனர். விமானங்கள் நெடுநேரம் பறந்து கண்ணுக்கு மறைந்தன. ரப்பரைக் குறைத்தனர்: 50 ஆயிற்று, 40 ஆயிற்று, 35 ஆயிற்று, இன்று 30 கிராம். விமானத்தின் உடல் 200 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. ஒரு முறை பறந்தால் கணக்கில் கொள்ளும் உச்ச அளவு பொதுவாக மூன்று நிமிடம். ரப்பரை இவ்வாறு பாதிக்கு மேல் குறைத்த பின்னும், தேர்ந்தவர்கள் மூன்று நிமிடத்தை மீண்டும் மீண்டும் எட்டுகின்றனர். கருவி குறையக் குறையக் கலை கூடிற்று என்பதே இதன் பொருள்.

அது எவ்வாறு இயன்றது? பாதி பொறியால், பாதி காற்றை அறிந்ததால். வெயில் ஏறியதும் பாறையும் வெற்று நிலமும் சூடாகி, அவற்றின்மேல் உள்ள காற்று குமிழிபோல் மேலெழுகிறது. குடுபல்லிப் பக்கத்துக் குன்றுகளின்மேல் முற்பகலில் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிடுவதைக் காணலாம். அவை அந்தக் குமிழியின்மேல் ஏறி நிற்கின்றன. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பேராசிரியர் சதீஷ் தவன் பறவைகள் பறக்கும் முறையை ஆராய்ந்து 1991இல் ஒரு நூலே வெளியிட்டார். ராக்கெட்டை ஏவியவர்களும் பருந்திடம் பாடம் கேட்டனர். போட்டியாளர் செய்வதும் இதுவே. கழியில் மெல்லிய நாடாவைக் கட்டி, அது மேல்நோக்கி எழும் கணத்தைப் பார்த்து விமானத்தை விடுகிறார். காற்று விமானத்தைக் கொண்டே போய்விடாமல், குறித்த நேரத்தில் வாலைச் சட்டென்று மேல்நோக்கிச் சாய்த்து இறங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு. முற்காலத்தில் மெல்ல எரியும் திரி ஒன்று அவ்வேலையைச் செய்தது. இக்காலத்தில் சிறு கடிகாரப் பொறியோ மின்னணுப் பொறியோ செய்கிறது. மண்டபத்துக்குள் பறக்கவிடும் பிரிவு ஒன்றில் விமானத்தின் எடை ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. கற்பூர வில்லை அளவே கனமுள்ள அப்பொருள், நடந்து செல்லும் மனிதனைவிட மெதுவாகக் கூரையடியில் வட்டமிடுகிறது.

இனிச் சந்தைக்கு வருவோம். கிட் செய்யும் நிறுவனம் யாரை நம்பி வாழ்கிறது? பொழுதுபோக்காளரை நம்பியே. அவர் எண்ணிக்கையில் மிகுதி. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் அவர் பெட்டி வாங்குகிறார். போட்டியாளரோ பெட்டியே வாங்குவதில்லை. மரமும் ரப்பரும் கரிம இழைக் குழலும் தனித்தனியே வாங்கித் தாமே வடிவமைக்கிறார். அவரால் கடைக்கு வரும் வரவு சிறிது. ஆனால் புதுமை அனைத்தும் அவரிடமிருந்தே பிறக்கிறது. எந்த இறக்கை வளைவு சிறந்தது, எந்தப் பசை இலேசானது, எந்த ரப்பர் மிகுதியாக முறுக்கு ஏற்கும் என்பனவற்றை அவர் தோற்றும் வென்றும் கண்டறிகிறார். அவ்வறிவு சில ஆண்டுகளில் சாதாரணப் பெட்டிக்குள்ளும் வந்து சேர்கிறது. ஆகவே ஒருவர் மற்றவரை இகழ்வதில் பொருளில்லை. பொழுதுபோக்காளர் இல்லையேல் கடை இல்லை. போட்டியாளர் இல்லையேல் கடையில் நல்ல சரக்கு இல்லை.

எனினும் இவ்விருவர்க்கும் இடையே ஒரு வழக்கு நெடுநாளாக உண்டு. விமானத்தைப் பறக்கவிடுபவரே அதைக் கட்டியவராகவும் இருத்தல் வேண்டும் என்பது பழைய போட்டி விதி. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, உக்ரைனிலும் ரஷ்யாவிலும் இருந்த தலைசிறந்த கைவினைஞர் சிலர் தாம் கட்டிய போட்டி விமானங்களை உலகெங்கும் விற்கலாயினர். வசதியுடையோர் வாங்கிப் பறக்கவிட்டனர். நாளடைவில் பல பிரிவுகளில் அந்தப் பழைய விதி தளர்ந்தது. மெய்யான விமானத்தின் நகலைக் கட்டும் பிரிவுகள் சிலவற்றில் மட்டும் அது இன்னும் காக்கப்படுகிறது. "பறக்கவிடுவதும் ஒரு திறமையே, வீணை வாசிப்பவர் வீணையைத் தாமே செய்ய வேண்டுமா?" என்பர் ஒரு சாரார். "கட்டுபவன் கையில்தான் விமானத்தின் அறிவு இருக்கிறது, விலைக்கு வாங்கினால் பணப்பை பறக்கிறது, மனிதன் பறப்பதில்லை" என்பர் மற்றொரு சாரார். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

பொழுதுபோக்குப் பக்கத்திலும் இதே மாற்றம் நேர்ந்தது. நுரைப்பொருளால் வார்த்து, மின்பொறியும் மின்கலமும் பொருத்தி, பெட்டியைத் திறந்த அன்றே பறக்கும் விமானங்கள் வந்துவிட்டன. கட்டும் பெட்டியின் இடத்தைப் பறக்கும் பெட்டி பிடித்துக்கொண்டது. இதனால் எளிதில் பறக்கும் இன்பம் பலர்க்கும் கிடைத்தது மெய்யே. ஆனால் கட்டும்போது கற்கும் கல்வி குறைந்தது. உடைந்தால் ஒட்டத் தெரியாது. ஏன் விழுந்தது என்றும் தெரியாது. புதிது வாங்குவது ஒன்றே வழி. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகுமா?

நம் நாட்டில் இக்கலை பெரும்பாலும் தேசிய மாணவர் படையின் வழியே பரவிற்று. 1948இல் அமைந்த அப்படையில் 1950இல் விமானப் பிரிவு தொடங்கப்பெற்றது. மாதிரி விமானம் கட்டுதல் அப்பிரிவின் பயிற்சியில் ஓர் அங்கம். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. கல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் இருந்த இந்தியாஸ் ஹாபி சென்டர் என்னும் கடையைப் பல தலைமுறை மாணவர் அறிவர். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும் ஆராய்ச்சிக் கூடமும் ஜக்கூர் விமானத்தளமும் இருப்பதால், அங்கே இக்கலைக்கு ஒரு தனிச் சூழல் வாய்த்தது. சென்னையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. நிறுவனம் 1949 முதல் விமானப் பொறியியலாளரை உருவாக்கி வருகிறது; அப்துல் கலாம் பயின்றதும் அங்கேதான்.

ரிமோட்டால் இயங்கும் விமானங்களுக்கு இன்று சட்டமும் உண்டு என்பதை மறத்தலாகாது. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் எடையைக் கொண்டு வகை பிரிக்கின்றன: 250 கிராம் வரை ஒரு வகை; அதற்கு மேல் 2 கிலோகிராம் வரை மற்றொரு வகை. வாணிக நோக்கமின்றி இவ்விரு வகைகளை இயக்குவோர்க்குச் செலுத்துநர் உரிமம் அவ்விதிகளில் கேட்கப்படவில்லை. எனினும் விமான நிலையம், பாதுகாப்பு நிலையம் போன்றவற்றின் அருகே தடை செய்யப்பட்ட வான்பகுதிகள் உண்டு. அயல்நாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரியில் அரசு பெரும்பாலும் தடை செய்தது, உறுப்புகளுக்குத் தடையில்லை. வாங்குமுன் நடப்பு விதியைக் கேட்டறிவது அறிவுடைமை.

இனி, தந்தையரும் தாய்மாரும் கேட்கும் வினாவுக்கு வருவோம்: முதல் விமானமாக எதை வாங்குவது? பெட்டியின்மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இதுவே எம் முதல் வேண்டுகோள். போர்விமானத்தின் மூக்கு பெரும்பாலும் குட்டை, வால் சிறிது, இறக்கை ஏறத்தாழ மட்டம். உள்ளே அமர்ந்து செலுத்துபவர் இருப்பதால் அது நிலைபெறுகிறது. அதையே சிறிதாக்கி, செலுத்துபவர் இன்றிப் பறக்கச் சொன்னால், அது புரண்டு விழும். குட்டை மூக்கைச் சமன்செய்யக் களிமண் வைக்க வேண்டும். களிமண் வைத்தால் கனம் கூடும். கனம் கூடினால் வேகமாக இறங்கும். வேகமாக இறங்கினால் முறியும். நம் பையன் தோற்றது இங்கேதான். தேர்ந்தவர்க்கும் கடினமான ஒன்றைத் தொடக்கக்காரனிடம் கொடுத்துவிட்டு, கை வராது என்று அவனையே நம்பவைத்தோம்.

நீண்ட மூக்கு, உடலுக்கு மேலே அமைந்த அகன்ற இறக்கை, இறக்கையின் இரு பக்கமும் மேல்நோக்கிய சாய்வு, பெரிய வால் ஆகிய நான்கும் உள்ளதே தொடக்கக்காரருக்கு ஏற்றது. பார்க்க அழகில்லாதிருக்கலாம், பறக்கும். கிட் கிடைக்காத ஊரில் தடித்த அட்டையாலும் தெர்மோகோல் தகட்டாலும் சிறு கிளைடர் ஒன்றைச் செய்து தொடங்கலாம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் இரு விரல்களால் தாங்கினால், விமானம் சமமாக நிற்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், புல்தரையில், தோளுயரத்திலிருந்து மெல்லத் தள்ளி விடுங்கள், மாடியிலிருந்து வீசாதீர்கள். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் சிறிது களிமண் சேருங்கள். நேரே தரையில் குத்தினால் கிடைவாலின் பின்விளிம்பை ஒரு நூலளவு மேலே வளையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். நன்றாக மிதந்து இறங்கிய பிறகே ரப்பரை முறுக்க வேண்டும். அதுவும் முதலில் கால் பங்கே.

இவ்வளவும் கைவந்த பிறகு, மூன்றாவது நான்காவது விமானத்தில், பையனே ஒரு கேள்வி கேட்பான்: "இதை இன்னும் ஐந்து நொடி பறக்கவைக்க முடியாதா?" அந்தக் கேள்வி பிறந்தால் அவனுள் ஒரு போட்டியாளன் பிறந்துவிட்டான் என்று கொள்ளலாம். அப்போது தராசும் நல்ல பால்சாவும் வாங்கிக் கொடுங்கள். பிறவாவிட்டாலும் குறையில்லை. மாலை வெயிலில் தன் கையால் செய்த ஒன்று பறப்பதைப் பார்ப்பதே போதிய பரிசு. விருப்பம் எழுமுன் விலையுயர்ந்த பொருளை வாங்குவதும், விருப்பம் எழுந்தபின் மலிவான பெட்டியோடு நிறுத்துவதும் ஒருபோலப் பிழையே.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. வந்த ஊரின் மொழி நாவில் படியாத பிள்ளை விளையாட்டுத் திடலில் ஒதுங்கி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவன் கையில் பறக்கும் விமானம் ஒன்று இருந்தால், ஊர்ப் பிள்ளைகள் தாமே ஓடி வருவர். கிளைடர் என்ற சொல் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒன்றே. முறிந்த இறக்கையை ஒட்டும்போது மூன்று மொழிகளும் ஒரே பசையில் ஒட்டிக்கொள்ளும். குடுபல்லி மண்டலத்தைச் சேர்ந்த குடிவங்கா கிராமத்தில், 1999இல் தோன்றிய அகஸ்தியா அறக்கட்டளை 172 ஏக்கர் பரப்பில் ஒரு வளாகம் அமைத்து, கிராமப்புறச் சிறுவர் கையால் செய்து அறிவியல் கற்கும் வழியைக் காட்டி வருகிறது. கையால் தொட்டுக் கற்றது மறவாது என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. மாதிரி விமானமும் அந்த நம்பிக்கையைச் சேர்ந்ததே.

எங்கள் பரணில் கிடந்த பெட்டியை ஒரு விடுமுறையில் இறக்கிப் பார்த்தோம். தாள் மஞ்சளாகியிருந்தது, ரப்பர் இற்றுப் போயிருந்தது, மரம் மட்டும் அப்படியே இருந்தது. அதில் இருந்த போர்விமானத்தைக் கட்டவில்லை. அந்த மரத்தைக் கொண்டு நீண்ட மூக்குள்ள எளிய கிளைடர் ஒன்றைச் செய்தோம். அது பன்னிரண்டு நொடி பறந்தது. வேக்ஃபீல்டு கோப்பைக்கு அது போதாது. எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். இந்த ஞாயிறு அதனை இறக்கிப் பாருங்கள்.